சுவரில் முளைத்த மொச்சை

கல்யாணமாகி சில வருஷம் கழித்து இண்டூர்ப் பக்கத்தில் எங்களுக்கென்று ஒரு மண் வீடு கட்டத் தொடங்கினோம். அதுவரை மாமியார், ஓரகத்தி, நான் மூவருக்கும் ஒரே அடுப்பு. வைகாசிக்குள் குடிபோயாக வேண்டும். ஆனியும் ஆடியும் புது வீடு புக ஆகாத மாதங்கள், தவறினால் ஆவணிதான். தனி அடுப்பு வேண்டுமென்ற ஆசையை வெளியே சொல்ல எனக்கு வெட்கம். அடக்கி வைக்கவும் முடியவில்லை.

மண் சுவரை ஒரே மூச்சில் எழுப்ப முடியாது. ஒரு முழம் வைத்து, காயவிட்டு, அதன்மேல் அடுத்த முழம் வைக்க வேண்டும். என் வீட்டுக்காரர் பொழுதெல்லாம் காட்டு வேலையில் கிடப்பார். சுவர் வைக்கிறவருக்கு மண் மிதித்துக் கொடுப்பதும், வேலை எதுவரை வந்தது என்று பார்ப்பதும் என் பொறுப்பு.

"செவுரு பாதி ஏறுனதும் சொல்லு. கூரைக்கு மலையில மூங்கிலுக்குச் சொல்லி வெக்கணும்" என்று அவர் சொல்லியிருந்தார்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். கணக்கு மறந்துபோகுமோ என்று பயந்து, ஒவ்வொரு பக்கமும் ஒரு முழம் முடிந்ததும் ஈர மண்ணில் ஒரு மொச்சைக்கொட்டையை அழுத்தி வைத்தேன். யாரிடமும் வாய் திறந்து கேட்க வேண்டாம், பார்த்தாலே தெரிந்துவிடும். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன். எத்தனை கொட்டை சேர்ந்தால் பாதி என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

ஈர மண்ணில் கொட்டையை வைத்தால் என்ன ஆகும்? குடியானவர் வீட்டில் பிறந்த எனக்கு அது தோன்றவில்லை. சுவர் என் தலைக்கு மேல் ஏறிய சமயம், மேல் முழங்களில் பச்சைப் பச்சையாக முளை எட்டிப் பார்த்தது. தெருவே வந்து பார்த்தது.

மாமியார் இடுப்பில் கை வைத்து நின்றார். "வூடு கட்டச் சொன்னா செவுத்துல வெள்ளாம பண்றா. காய்ச்சா எங்களுக்கும் ஒரு புடி குடுத்தனுப்புடி."

வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. சுவரை அண்ணாந்து பார்த்தார்.

"பாதி எப்ப தாண்டுச்சி?"

நான் முளைகளைக் கிள்ளிக்கொண்டிருந்தேன்.

அன்றே மலைக்கு ஆள் போனது. மூங்கில் வெட்டி, வண்டியில் இறங்கி வருவதற்குள் வைகாசி போய்விட்டது. மழைக்குப் பயந்து சுவர்த்தலையில் ஓலை போட்டு மூடினோம்.

ஆவணி வரை பழைய அடுப்புதான். ஓரகத்தி ஊதுகுழலை என் கையில் கொடுக்கும்போதெல்லாம், வீடு எத்தனை கொட்டை முடிந்தது என்று கேட்பாள். நான் குனிந்து அடுப்பை ஊதுவேன். புகை இருந்தது நல்லதாகப் போயிற்று, கண்ணைக் கசக்கிக்கொண்டே இருக்கலாம்.