ஐந்துக்கு ஐந்து

நிலக்கோட்டைப் பக்கம் ஒரு மல்லிகைத் தோட்டத்தில் அவரைப் பார்த்தேன். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, மடி நிறைய மொட்டு. பேசும்போது முகம் என் பக்கம் இருக்கும். விரல்கள் அவை பாட்டுக்குப் பறித்துக்கொண்டிருக்கும்.

பூப்பறிக்கும் பெண்களுக்கு வேலையில் திருப்தி இருக்கிறதா என்பதுதான் என் எம்.ஏ. ப்ராஜெக்ட். உட்கார்ந்து பேசி எழுதச் சொன்னார் கைடு. கணக்குப் போடச் சுலபம் என்று நான்தான் கேள்வித்தாளைப் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு கேள்விக்கும் ஒன்று முதல் ஐந்து வரை எண்; ஐந்து என்றால் முழுத் திருப்தி.

"கூலி திருப்தியாக்கா?"

"அஞ்சு போடு."

"வலியில்லாம வேலை பாக்க முடியுதா?"

"அதுக்கும் அஞ்சு போடு பாப்பா." இடுப்பைப் பிடித்துக்கொண்டேதான் சொன்னார்.

"நெசமாவாக்கா?"

"பெறகு? விடியமுன்ன இம்புட்டுத் தூரம் பஸ் ஏறி வந்திருக்க. மார்க்கக் கொறைச்சு ஒன்னையப் பெயிலாக்கவா?"

பையிலிருந்த மற்றவர்களின் தாள்களிலும் ஐந்துகள்தான், இடையிடையே ஒரு நான்கு. எல்லாவற்றையும் உள்ளே வைத்துவிட்டு, அவர் பக்கத்தில் நின்று நானும் பறித்தேன். செத்த நேரத்தில் அவரே இடுப்பு வலியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

ப்ராஜெக்ட் அப்படிக் கூடப் பறித்து, பேசிக் கேட்டுத்தான் முடிந்தது. அவருடைய தாள் ஆராய்ச்சிக்கு உதவாது. ஆனாலும் வைத்திருக்கிறேன். எந்தப் பரீட்சையிலும் எழுபதைத் தாண்டாத எனக்கு முழு மார்க் போட்டவர் அவர் ஒருவர்தான்.