கோடு போடாத வரிகள்

தையல் கூடத்தில் அவளுக்கு மிளகாய் என்று பெயர். ஆஸ்பத்திரிகளுக்கும் ஓட்டல்களுக்கும் சீருடை தைக்கிற இடம் அது. காலர் கோணலாக வந்தால் துணி வெட்டுகிறவரில் தொடங்கி மேற்பார்வையாளர் வரை எல்லோரையும் ஒரு பிடி பிடித்துவிட்டுத்தான் மெஷினில் உட்காருவாள். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. அவள் திட்டுவதில் நியாயம் இருக்கும், திட்டி முடித்ததும் டீயில் பாதி ஊற்றிக் கொடுப்பாள்.

இப்பேர்ப்பட்டவள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது வாயையும் கழற்றி வைத்துவிடுவாள் என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் அதுதான் நடந்தது. ஏனென்றால் உள்ளே அவள் கணவர் தியானத்தில் இருப்பார். தியானத்தில் இருக்கிற மனிதரைத் திட்டினால், பாவம் திட்டினவளுக்குத்தான் என்று ஊர் உலகம் எப்போதோ முடிவு செய்து வைத்திருக்கிறது.

அவர் ஒரு கிடங்கில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தவர். கிடங்கை மூடினார்கள். வேறு வேலை தேடுவார் என்று அவள் காத்திருந்தாள். அவர் தன்னைத் தேடப் போவதாகச் சொல்லிவிட்டு ஜன்னலோரம் ஒரு பாயை விரித்தார். அன்றைக்கு விரித்த பாய் இன்னும் சுருட்டப்படவில்லை.

காலையில் மௌனம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மௌனம் கலையும், ஆனால் தூக்கம் வந்துவிடும். மௌன நேரத்தில் ஏதாவது வேண்டுமென்றால் சட்டைப்பையிலிருந்து சின்னப் பென்சிலை எடுத்துத் துண்டுச் சீட்டில் எழுதி நீட்டுவார். அதுவும் சாதாரணமாக எழுத மாட்டார். "தேநீர் ஆறிவிட்டது." "விளக்கின் ஒளி கண்ணை உறுத்துகிறது." போதாததற்குப் பக்கத்து வீட்டுக்காரி வாசலில் நின்று வியப்பாள்.

"உங்க வீட்டுக்காரர் முகத்துல என்ன ஒரு தேஜஸ்! குடுத்து வெச்சவங்க நீங்க."

மிளகாய்க்குப் பொத்துக்கொண்டு வரும். வேளாவேளைக்குச் சுடச்சுடச் சாப்பாடும் மதியத் தூக்கமும் கிடைத்தால் எந்த முகத்தில்தான் தேஜஸ் வராது? பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்து வைப்பாள்.

இவ்வளவையும்கூட அவள் பொறுத்தாள். பொறுக்க முடியாதது அந்தப் புத்தகங்கள். நூலகத்தில் முன்பு அவருக்கென்று ஓர் உறுப்பினர் அட்டை இருந்தது. பிடித்த வரிகளுக்கெல்லாம் பேனாவால் கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்தார். ஒருமுறை எச்சரித்தார்கள், மறுமுறை அட்டையைப் பிடுங்கிக்கொண்டார்கள். பற்றற்ற மனிதர் அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் அவள் பெயரில் ஓர் அட்டை வாங்கினார்கள். அட்டைக்காரர் நேரில் வந்தால்தான் புத்தகம் என்பது அங்கே சட்டம். ஆகவே வாரம் ஒரு நாள் கிடைக்கிற லீவில், துணி துவைத்துப் போட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி அவள் போவாள். ஆன்மிக அலமாரியின் முன்னால் கழுத்து வலிக்க நின்று அவர் சீட்டைப் பார்த்துப் பார்த்துத் தேடுவாள். "மூச்சைப் பற்றியது வேண்டாம், மனத்தைப் பற்றியது." "சென்ற முறை கொண்டுவந்தது ஆழமில்லை." ஆழம் பார்த்து எடுக்க அது என்ன கிணறா?

பேனா பழக்கம் பென்சிலாக மாறியது, அவ்வளவுதான். கோடு நிற்கவில்லை. இந்த அட்டையும் போய்விட்டால் என்ன செய்வது? அதனால் திருப்பிக் கொடுப்பதற்கு முன் பக்கம் பக்கமாகப் புரட்டி எல்லாக் கோட்டையும் ரப்பரால் அழிக்கிற வேலையும் அவள் தலையில் விழுந்தது. பஸ்ஸில் அழிப்பாள், மெஷினில் நூல் மாற்றுகிற நேரத்தில் அழிப்பாள். ரப்பர் தூள் அவள் மடியில் எப்போதும் இருக்கும்.

அழிக்கும்போது கோடு போட்ட வரி மட்டும் கண்ணில் படும். பற்றை விடு. உறவு ஒரு கட்டு. தனிமையை நாடு. உலகம் தானாக நடக்கும். நடக்காமல் என்ன செய்யும், நடத்துகிறவள் இங்கே அழித்துக்கொண்டிருக்கிறாளே! எழுதினவர்களையெல்லாம் மனதுக்குள் கிழித்துத் தொங்கவிடுவாள். நல்லா இருந்த மனுஷனை இந்தப் பாவிகள் எழுதி எழுதியே கெடுத்தார்கள் என்று அவளுக்கு வயிற்றெரிச்சல்.

இப்படி இருக்கும்போதுதான் அவளுக்கு வயிற்றுவலி முற்றியது. கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் அம்மா சொன்னார். ஏற்கெனவே அவள் தள்ளிப்போட்ட விஷயம், இனித் தள்ளக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி, வருகிற செவ்வாய்க்கிழமை என்று தேதியும் கொடுத்தார்.

"கூட ஒரு ஆள் கண்டிப்பா இருக்கணும். கையெழுத்துப் போடணும், ராத்திரி தங்கணும். யார் இருக்காங்க?"

மகள் இருக்கிறாள், வேறு ஊரில், தலைப்பிரசவத்துக்குக் காத்துக்கொண்டு. வேறு யார்? அன்று மாலை பாயின் ஓரத்தில் உட்கார்ந்து அவரிடம் கேட்டாள்.

"ஏங்க, செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். நீங்க கூட வரணும்."

அவர் கண்ணைத் திறந்தார். அவளைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தார்.

"செவ்வாயிலிருந்து மௌன முகாம் இருக்கே. எப்பவோ பேர் குடுத்தாச்சு."

"அதுக்கு அடுத்த தடவை போகக் கூடாதா?"

"இதோ பாரு, உடம்புங்கிறது நிலையில்லாதது. பதறாதே. உன் கூட்டாளிங்க யாரையாவது கூட்டிட்டுப் போயேன்."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அவள் எழுந்து போய்ப் பாத்திரம் துலக்கினாள். அன்றைக்கு அவள் துலக்கின துலக்கில் சட்டி ஒன்று நெளிந்துபோனது.

மறுநாள் ஸ்கேன். ஆஸ்பத்திரி நாற்காலியில் அவள் முறைக்காகக் காத்திருந்தாள். எதிரே ஒரு பெண்ணுக்கு அவள் புருஷன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்துக்கொண்டிருந்தான். அதைப் பார்க்கப் பிடிக்காமல் பையிலிருந்த புத்தகத்தையும் ரப்பரையும் எடுத்தாள். கோடு போட்டிருந்த முதல் வரி: "உடல் ஒரு வாடகை வீடு, அதில் பற்று வைக்காதே." ஓஹோ, அந்த உபதேசம் இங்கிருந்து வந்ததா! ஆத்திரத்தில் அழுத்தி அழித்ததில் ரப்பர் வழுக்கி அடுத்த வரியில் போய் நின்றது. அதற்குக் கோடு இல்லை. முதல் முறையாக, கோடு போடாத ஒரு வரியை அவள் படித்தாள்.

"ஆனால் உன்னோடு இருப்பவரின் கூரை ஒழுகினால், தியானத்தை நிறுத்திவிட்டு ஏணியோடு போய் நில்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வேகவேகமாகப் புரட்டினாள். "தனிமையை நாடு" என்ற வரிக்குக் கோடு இருந்தது. "உன் கை தேவைப்படுகிறவர் உறங்கிய பிறகு" என்று அது முடிந்த இடத்துக்குக் கோடு இல்லை. "மௌனம் உயர்ந்தது" என்பதற்குக் கோடு. "கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாதது மௌனமல்ல, ஏமாற்று" என்பதற்கு இல்லை. புத்தகம் முழுக்க இதே கதை. தனக்கு வசதியான இடத்தில் பென்சிலை வைத்து, வேலை வருகிற இடத்தில் எடுத்திருக்கிறார் மனுஷன்.

உள்ளே அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். காதில் விழவில்லை. இத்தனை வருஷமாக யார் யாரையோ திட்டியிருக்கிறாளே! அந்த எழுத்தாளர் பாவம், அவள் பக்கம்தான் பேசியிருக்கிறார். அவளையும் சேர்த்து ஏமாற்றியது ஒரு சின்னப் பென்சில். கோபம் அப்படியே இருந்தது, விலாசம் மட்டும் மாறியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நூலகத்தில் வாசகர் விழா. நூலகர் சின்ன வயதுப் பெண். மிளகாயை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். முந்தின வாரமே கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருந்தாள்.

"அக்கா, இந்த வருஷம் சிறந்த வாசகி நீங்கதான். அந்த அலமாரியில நீங்க எடுக்காத புத்தகமே இல்ல. அதுவும் ஒரு கீறல்கூட இல்லாம, அவ்வளவு சுத்தமா திருப்பித் தர்றீங்க. வந்து ரெண்டு வார்த்தை பேசணும்."

இதை வீட்டில் சொன்னபோது அவர் மௌனம் கலைந்தது. அதுவும் காலை நேரத்தில்.

"ஹ்ம். படிச்சது யாருன்னு அவங்களுக்குத் தெரிஞ்சா நல்லாருக்கும். சரி, நானும் வரேன். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு வை."

ஆபரேஷனுக்கு வர நேரமில்லாதவருக்குப் பாராட்டு விழாவுக்கு நேரம் இருந்தது. அவள் இஸ்திரி போட்டாள். சட்டை கருகாதது அவர் செய்த புண்ணியம்.

விழாவில் அவர் முதல் வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். நூலகர் அவளை வாயாரப் புகழ்ந்தாள், பூங்கொத்து கொடுத்தாள், இந்தப் புத்தகங்கள் உங்களுக்கு என்ன கொடுத்தன என்று சொல்லுங்கள் என்று மைக்கைக் கையில் திணித்தாள். மிளகாய் மைக்கை வாய்க்கு நேராகப் பிடித்தாள்.

"நான் இதுல ஒண்ணுகூடப் படிக்கல," என்றாள். தன்னடக்கம் என்று நினைத்துக் கூட்டம் சிரித்தது. "சிரிக்காதீங்க. நிஜமாத்தான் சொல்றேன். படிக்கிறவர் வேற. அவர் பென்சில்ல கோடு போடுவார், நான் ரப்பர் வெச்சு அழிப்பேன். அதான் சுத்தமா இருக்கு."

நூலகரின் முகம் ஒரு மாதிரி ஆனது. கூட்டத்தில் சிரிப்பு நின்றது. அவள் பையிலிருந்து புத்தகத்தை எடுத்தாள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஒவ்வொன்றாகப் படித்தாள். "இதுக்குக் கோடு உண்டு," என்று ஒரு வரி. "இதுக்கு இல்ல," என்று அடுத்த வரி. மூன்றாவதற்கு வரும்போது பின்னால் யாரோ உச்சுக்கொட்டினார்கள்.

"செவ்வாய்க்கிழமை எனக்கு ஆபரேஷன்," என்றாள். "வயித்தைக் கிழிக்கப் போறாங்க. கூட ஒரு ஆள் வேணும்னு கேட்டாங்க. எனக்கு இருக்கிறது ஒரே ஆள். அந்த ஆளு மௌனமா இருக்கப் போறாராம். இவ்வளவு வருஷம் பஸ் ஏறி ஏறிப் புத்தகம் தேடினேனே, எனக்கு ஒரு பதில் எந்தப் புத்தகத்துல இருக்குன்னு யாராவது சொல்லுங்க!"

தலைகள் திரும்பின. வெள்ளைச் சட்டைக்காரர் என்ன செய்தார் தெரியுமா? கண்ணை மூடிக்கொண்டார். முதுகை நிமிர்த்தி, கைகளை மடியில் வைத்து, மூச்சை இழுத்து விட்டார். பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர், "என்ன ஒரு நிதானம்!" என்று முணுமுணுத்தது மைக் வரைக்கும் கேட்டது.

அவ்வளவுதான். தையல் கூடத்து மிளகாய் அங்கே வந்துவிட்டாள்.

"கண்ணைத் தொறங்க!"

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்திருக்கும். அவர் திறந்தார். கல்யாணம் ஆனதிலிருந்து அவள் அவரைப் பார்த்துக் கத்தியது அதுதான் முதல் தடவை. பாவம் யாருக்கு வந்தால் என்ன, அவளுக்கு நெஞ்சில் அடைத்திருந்தது இறங்கியது. பூங்கொத்தை மேஜையில் வைத்துவிட்டு இறங்கி வந்தாள்.

நூலகரிடம் அட்டையை நீட்டி, "எடுத்துக்கோம்மா, தப்புப் பண்ணிட்டேன்," என்றாள்.

நூலகர் வாங்கவில்லை. கண் கலங்கியிருந்தது. "இனிமே உங்களுக்கு மட்டும் எடுங்கக்கா. எதுல வேணும், கதையா, சமையலா?"

"அதே அலமாரிதான். யாரும் கோடு போடாததா பார்த்துக் குடு. ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு முழுசா படிக்கணும்."

வாசலில் அவர் பின்னாலேயே வந்தார். சட்டை கசங்கியிருந்தது.

"நாலு பேர் முன்னாடி இப்படியா?" என்றார். அவள் நடந்துகொண்டே இருந்தாள். கொஞ்ச தூரம் போனபின், "சரி, செவ்வாய்க்கிழமை வரேன்," என்றார்.

"வர்றதா இருந்தா வாயோட வாங்க. வாயை மூடிக்கிட்டு வர்றதுன்னா முகாமுக்கே போங்க."

செவ்வாய்க்கிழமை வந்தார். சொன்னால் சொன்னபடி, வாயோடு வந்தார். பச்சை அங்கி மாட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்த அவளிடம் நர்ஸ் பேசவில்லை, கூட வந்தவரிடம் கேட்டாள்.

"அவங்களுக்கு வயசு எவ்வளவு சார்?"

அவர் வாயைத் திறந்தார். மூடினார்.

"முன்னாடி ஏதாவது ஆபரேஷன் ஆகியிருக்கா? எந்த மருந்தாவது ஒத்துக்காம போயிருக்கா?"

அவர் அவளைப் பார்த்தார். மிளகாய் மடியிலிருந்த புதுப் புத்தகத்தின் மேல் கைகளை வைத்துக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, கண்ணை மூடிக்கொண்டாள். மூச்சை இழுத்து விட்டாள். நர்ஸ் காலை மாற்றி நின்றாள். பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள்.

"ஏம்மா," என்றார் அவர் கடைசியில். "உனக்கு எந்த மருந்து ஒத்துக்காது?"

வருஷக்கணக்கில் அவர் அவளைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத்தானே வேண்டும். அவள் கண்ணைத் திறந்தாள்.

"பெனிசிலின். பாப்பா பொறந்தப்ப அந்த ஊசியைப் போட்டு முகமெல்லாம் வீங்கிப்போச்சு. நீங்கதான் பக்கத்துல உக்காந்து அழுதீங்க."

அவர் சட்டைப்பையிலிருந்து பென்சிலையும் துண்டுச் சீட்டையும் எடுத்தார். எழுதினார்.

"எழுதிட்டீங்களா?" என்றாள் அவள். "கீழ கோடு போட்டுக்குங்க. இதை நான் அழிக்க மாட்டேன்."