ஒரு பெட்டிக்கு மூன்று முகவரி

பதுளையில் ஒரு கணினி வகுப்பு நிலையத்தில் மெஷின்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. போன மழையில் இடி விழுந்து எங்கள் மூன்று சர்வர்களில் இரண்டு கருகிப்போயின. வகுப்பறைக் கணினிகளும் பிரிண்டர்களும் செத்துப்போன அந்த இரண்டின் நெட்வொர்க் முகவரிகளையே விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றாகப் போய்த் திருத்த எனக்குப் பொறுமை கிடையாது. மிஞ்சியிருந்த யுனிக்ஸ் மெஷினுக்கே அந்த இரண்டையும் மாற்று முகவரிகளாகக் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

அந்த நேரம் பார்த்து அக்கா தெமோதரையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினாள். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள், வேலை நாளில் வரமாட்டாள். மகள் தாதிப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கிறாளாம், கடிதம் வர என் ரூம் முகவரி வேண்டுமாம். வாயில் நுழையாத பெயரை வைத்திருக்கிறாயே என்று அக்காவை நாங்கள் எந்நாளும் கேலி செய்யும் அதே மகள்தான்.

"தோட்டத்து அட்ரஸ் வேணாம்டி. எனக்கு ஆனது அவளுக்கும் ஆயிறக் கூடாது."

எங்கள் தோட்டத்தில் வரிசை வீடுகளான எல்லா லயத்துக்கும் சேர்த்து ஒரே முகவரிதான், தோட்டத்து ஆபீஸ். கதவு இலக்கமும் இல்லை, தெருப் பெயரும் இல்லை. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் பெயரைக் கூப்பிட்டுக் கடிதம் கொடுப்பார்கள். பள்ளிக்கூடம் முடித்த கையோடு அக்காவும் இதே பயிற்சிக்கு விண்ணப்பித்தாள். நேர்முகத்துக்குக் கடிதம் வந்தது. அவள் பெயரைக் கூப்பிட்டபோது, அதே பெயருள்ள கீழ் லயத்து அம்மா ஒருவர் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். சம்பளத்தில் பிடித்த சேமலாப நிதிப் பணத்தைப் பற்றிய கடிதம் என்று நினைத்து சாமிப் படத்துக்குப் பின்னால் பத்திரப்படுத்தினார். யாரோ அதை வாசித்துச் சொன்னபோது நேர்முகம் முடிந்துவிட்டிருந்தது. அந்த அம்மாவும் எங்கள் வாசலில் வந்து அழுதார், யாரைத் திட்டுவது? அடுத்த வருஷம் போடலாம் என்றார்கள். அதற்குள் கல்யாணம் பேசி முடித்து, கொழுந்துக் கூடையையும் அக்கா தலையில் மாட்டிவிட்டார்கள்.

வீட்டுக்காரம்மாவுக்குப் போன் போட்டேன். ரூம் படுக்க மட்டும்தான், என் வீட்டு விலாசத்தை எந்தப் பேப்பரிலும் எழுதக் கூடாது என்று முதலிலேயே சொன்னேனே என்றார். நிலையத்துச் சாரிடம் கேட்டேன். சொந்தத் தபால் இங்கே வரக் கூடாதாம். நகரத்தில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியும் கூடப்பிறந்தவளுக்குக் கொடுக்க என்னிடம் ஒரு முகவரி இல்லை. கீபோர்டைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போலிருந்தது.

அடிக்கவில்லை, வேலையை முடிக்க வேண்டியிருந்தது. அக்கா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு கட்டளைகள் அடித்தேன், அவ்வளவுதான். மாற்று முகவரிகளுக்கு நெட்மாஸ்க் என்ற எண்ணில் நான்கு இடத்திலும் 255 என்று போட்டேன். மின்சாரம் போய் வந்தால் கட்டளையில் கொடுத்தது மறந்துபோகும் என்பதால், மெஷின் தொடங்கும்போது படிக்கும் கோப்பிலும் எழுதிவைத்தேன். ஒவ்வொரு முகவரியாகக் கூப்பிட்டுப் பார்த்தேன். மூன்றுக்கும் பதில் வந்தது.

என்ன செய்தாய் என்று அக்கா கேட்டாள். சொன்னேன். குனிந்து அந்தக் கறுப்புப் பெட்டியைப் பார்த்தாள்.

"ஒரு பொட்டிக்கு மூணு அட்ரஸா?"

திரையைப் பார்க்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன்.

அக்கா பையிலிருந்து விண்ணப்பத்தை எடுத்து மேசையில் விரித்தாள். பள்ளிக்கூட நாளின் அதே முத்து முத்தான கையெழுத்தில் தோட்டத்து முகவரியை எழுதத் தொடங்கினாள். வேண்டாம் அக்கா என்று கையைப் பிடித்தேன்.

"விடுடி. இந்த வாட்டி மாறிப் போவாது. அவ பேரு நம்ம தோட்டத்துல வேற ஒருத்திக்கும் இல்ல."

அது உனக்கு எப்படித் தெரியும் என்றேன். அவள் எழுதுவதை நிறுத்தவில்லை.

"புள்ள வயித்துல இருக்கப்பவே லயம் லயமாப் போயி கேட்டுட்டுத்தானே அந்தப் பேர வச்சேன்."