யாரும் துப்பாத கண்ணாடி

என் பிள்ளைகளுக்கு,

உங்கள் அத்தை நம்மை விட்டுப் போய், வருகிற வெள்ளிக்கிழமையோடு ஒரு வருஷம் நிறைகிறது. “நினைவு மலர்ல அத்தையப் பத்தி நீயே எழுது நைனா, நீதானே கூடவே இருந்தே” என்று சொல்லிக் காகிதத்தை என்னிடம் கொடுத்துவிட்டீர்கள். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அழகாக எழுத வராது. ஆனால் ஒரு தவறு அக்காவின் பெயரில் ஆபீஸ் காகிதத்தில் ஏறியிருக்கிறது. அதைச் செய்தவர் அவர் இல்லை. அதைச் சொல்லாமல் மற்றதையெல்லாம் எழுதினால் சபையார் முன்னால் நான் பொய் சொன்னவனாவேன்.

அக்கா பிறந்தது நகரிக்குப் பக்கத்தில், மிஷன்காரர்கள் கோயில் கட்டிய ஒரு சிற்றூரில். எங்கள் நைனா கோயில் மணி அடிப்பார், மற்ற நேரத்தில் ஏர் பிடிப்பார். அம்மாவுக்கு இருமல் வந்தபோது சளியைப் பரிசோதித்து, ஒன்றுமில்லை என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அடுத்த அறுவடைக்கு அம்மா இல்லை. அக்கா அந்தச் சீட்டை வேதாகமத்துக்குள் வைத்திருந்தார். வேலூருக்குப் போய் லேப் வேலை படித்தது அந்தச் சீட்டினால்தான் என்று நான் நினைக்கிறேன். அவர் வாயால் சொன்னதில்லை.

பிறகு சித்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. என்னையும் அதே லேபில் அட்டெண்டராகச் சேர்த்துவிட்டார். ‘காசம் பாக்கிற பொம்பள’ என்று பெயர் வந்ததால் அக்காவைப் பெண் கேட்டு யாரும் வரவில்லை. அதற்காக அவர் வருந்தி நான் பார்த்ததும் இல்லை.

அக்காவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. நோயாளிகளின் சளியைச் சின்னக் கண்ணாடித் துண்டுகளில் தடவிச் சாயம் போடும்போது, கூடவே இரண்டு சாட்சிக் கண்ணாடிகள் வைப்பார். ஒன்று, நோய் இருப்பது நிச்சயமாகத் தெரிந்தவருடையது. மற்றது, நோய் இல்லாதவருடையது. முதலாவதில் நீலத்தின் நடுவே கிருமிகள் சிவப்புக் குச்சிகளாகத் தெரிய வேண்டும். இரண்டாவதில் ஒன்றும் தெரியக்கூடாது. இரண்டும் சரியாக வந்தால்தான் மற்றவர்களின் கண்ணாடியைத் தொடுவார். நோய் உள்ள சாட்சி, அநேகமாகச் செத்துப்போனவர்களுடையதாக இருக்கும். தினமும் காலையில் அக்கா முதலில் பார்ப்பது ஒரு பிணத்தின் சளியை. நோய் இல்லாத சாட்சி நான். வாரத்துக்கு ஒரு முறை ஒரு டப்பாவில் துப்பிக் கொடுப்பேன்.

சிவப்புக் குச்சி தெரிந்த கண்ணாடிகளை ஒரு மாதம் மரப்பெட்டியில் வைத்திருந்து, மறுபடி ஒரு தடவை பார்த்துவிட்டு, உடைத்துச் சுண்ணாம்புக் குழியில் போட வேண்டும். அது என் வேலை. இல்லை என்று வந்த கண்ணாடியைக் கழுவி மறுபடி எடுக்கலாம்.

அது எல்லைத் தகராறு முடிந்து திருத்தணிப் பக்கத்து ஊர்கள் சென்னை ராஜ்யத்துக்குப் போன சமயம். முன்பெல்லாம் கண்ணாடி சென்னையிலிருந்து ரயிலில் வரும். ஆந்திர ராஜ்யம் பிரிந்த பிறகு அதன் தலைநகரான கர்நூலுக்கு எழுதினோம், தலைநகரம் மாறியதும் ஹைதராபாத்துக்கு எழுதினோம். எழுதிய கடிதம்தான் திரும்பி வந்தது. அக்கா மற்ற ஆஸ்பத்திரிகளில் கையேந்திக் கண்ணாடி வாங்கி வந்ததைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. உடைக்க வேண்டிய கண்ணாடிகளை நான் உடைக்கவில்லை. சலவைச் சோடா போட்டுக் காய்ச்சினேன். வைரமுனையால் கீறியிருந்த நோயாளி நம்பரைச் செங்கல் தூளால் மங்கத் தேய்த்தேன். மறுமுனையில் புது நம்பர் கீறி அலமாரியில் திருப்பி வைத்தேன். அக்காவுக்குச் சொல்லவில்லை. நல்ல காரியம் செய்வதாகத்தான் நினைத்தேன்.

இரண்டு மூன்று வாரம் போயிருக்கும். ஒருநாள் காலையில் மைக்ராஸ்கோப்பிலிருந்து அக்கா தலையை எடுக்கவேயில்லை. பிறகு மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் என் முதுகில் இருக்கிறது.

“டே தம்பி, எப்பத்திலிருந்து இருமிக்கினு இருக்கே?”

“நான் எங்கக்கா இருமறேன்? இட்லி துன்னுட்டு நல்லாத்தானே வந்தேன்.”

“சட்டையக் கழட்டு. மூச்சு இழு.”

என் கண்ணாடியில் சிவப்புக் குச்சிகள் இருந்தன. மறுபடி துப்பினேன். வேறு கண்ணாடி எடுத்துச் சாயம் போட்டார். அதில் ஒன்றுமில்லை. மூன்றாவதில் மறுபடி சிவப்பு. “ஒரு ஆளுக்கு ஒரே காலையில நோய் வந்து போய் வந்துக்கினு இருக்குமாடா?” என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். பிறகு யார் சளியும் வேண்டாம் என்று, ஒரு முட்டையை உடைத்து அதன் வெள்ளைக்கருவை ஐந்து கண்ணாடிகளில் தடவச் சொன்னார். சாயம் போட்டுப் பார்த்தார். ஐந்தில் இரண்டில் சிவப்புக் குச்சிகள்.

என்னையும் பார்க்கச் சொன்னார். யாரும் துப்பாத கண்ணாடி. அதில் நோய் இருந்தது.

அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். ஆனால் மூன்றாவதாக யாரோ நின்று இருமலை அடக்கிக்கொண்டிருப்பது போல எனக்குப் பட்டது. அக்கா சாயத்தை வழித்துவிட்டு அந்தக் கண்ணாடியை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். மறுமுனையில், தேய்த்த இடத்தில், பழைய நம்பர் நிழல் மாதிரி தெரிந்தது. பழைய பதிவேட்டைப் புரட்டினார். அந்த நம்பருக்கு நேராக ‘காலமானார்’ என்று அக்காவின் கையெழுத்திலேயே எழுதியிருந்தது. நான் அத்தனை காய்ச்சியும் அவருடைய கிருமி கண்ணாடியை விட்டுப் போயிருக்கவில்லை.

“யார்ரா கழுவினது?”

நான் அழுதுவிட்டேன். அவர் திட்டவில்லை. மரப்பெட்டியைத் திறந்து அந்த மாதத்தில் நோய் என்று எழுதிய கண்ணாடிகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்தார். பலது புதுக் கண்ணாடி. நாலில் பழைய நிழல் இருந்தது. மூன்று பேர் சித்தூர்க்காரர்கள். அன்றைக்கே கூப்பிட்டு, வேலூரில் கடன் வாங்கிய புதுக் கண்ணாடியில் மறுபடி பார்த்தோம். இரண்டு பேருக்கு உண்மையாகவே நோய் இருந்தது, ஒருவருக்கு இல்லை. நாலாவது குப்பம்மா என்கிற பெண், திருத்தணிப் பக்கம். அவர் கண்ணாடியில் நிழலாகத் தெரிந்த பழைய நம்பர், இரண்டு மாதத்துக்கு முன் இறந்துபோன ஒரு பாகாலா பள்ளிக்கூட உபாத்தியாயருடையது.

பெரிய டாக்டரிடம் போய் அனுமதி கேட்டோம். அவர் தெலுங்குக்காரர், நல்ல மனிதர்தான். “ஆ ஊரு இப்புடு மனதி காதம்மா” என்றார். அந்த ஊர் இப்போது நம்முடையது இல்லையாம், அந்த ஊர் நோயாளிகளின் காகிதக் கட்டும் அங்கே போய்விட்டதாம்.

அக்கா தமிழிலேயே பதில் சொன்னார். “ஊரு போவட்டும் சார். அந்தப் பொம்பள கையில இருக்கிற சீட்டுல நம்ம முத்திரைதானே இருக்குது?”

அவர் லீவு போட்டுவிட்டுப் போகச் சொன்னார்.

பஸ்ஸில் போய், பிறகு நடந்து, அந்த ஊரைச் சேர்ந்தோம். குப்பம்மாவின் புருஷன் வாசலில் கயிறு திரித்துக்கொண்டிருந்தார்.

“குப்பம்மாவா? நல்ல பொம்பளையா இருந்தா” என்றார்.

“இருந்தான்னா?” என்று கேட்டேன். அவர் கரும்புத் தோட்டத்துப் பக்கம் கையைக் காட்டினார். அங்கே ஒரு மோட்டார் கொட்டகை. உயிரோடுதான் வைத்திருந்தார்கள். தினமும் ஒரு கல்லின் மேல் கஞ்சியை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவார்களாம். பிள்ளையைக் குப்பம்மாவின் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம்.

கொட்டகை இருட்டிலிருந்து குப்பம்மா இருமினார். எத்தனையோ பேர் இருமலைக் கேட்ட அக்காவுக்குக் கேட்டதும் தெரிந்துவிட்டது. என் காதில், “டே, இது இருமக் கத்துக்கின இருமல்டா” என்றார். நோய் என்று நாங்கள் எழுதிக் கொடுத்துவிட்டோம். அந்தப் பெண் நோயாளியாக இருக்கப் பழகிவிட்டார்.

“கிட்ட வராதீங்க. அந்தக் கல்லு மேலயும் குந்தாதீங்க. அவரு வர்ற நேரம்” என்றார் குப்பம்மா.

“யாரும்மா?”

“தெரியலக்கா. இங்க வந்ததிலிருந்து தெனம் மத்தியானம் வந்து குந்திக்கினு இருக்காரு. ஒண்ணும் பேச மாட்டாரு. விரலெல்லாம் மாவு பட்ட மாதிரி வெள்ளையா இருக்குது. இருமினா மட்டும் வாயப் பொத்திக்குவாரு.”

உபாத்தியாயர் விஷயத்தை நாங்கள் அந்த ஊரில் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். இதை நான் விளக்க மாட்டேன். கேட்டதை எழுதுகிறேன்.

மூன்று டப்பாவில் சளி வாங்கிக்கொண்டு வந்து, புதுக் கண்ணாடியில், சாட்சி வைத்து, மூன்று முறை பார்த்தார். குப்பம்மாவுக்கு ஒன்றுமில்லை. அடுத்த வாரம் திரும்பிப் போனோம். ஊரார் கூடி நின்றார்கள், யாரும் நம்பவில்லை. “அன்னிக்கும் நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க?” என்றார் புருஷன். நியாயமான கேள்வி. அக்கா கொட்டகைக்குள் போனார். குப்பம்மா பாதி குடித்து வைத்திருந்த சொம்பை எடுத்து, வெளியே வந்து, எல்லோரும் பார்க்க மிச்சத் தண்ணீரைக் குடித்தார். “தப்பு எங்க கண்ணாடியில இருந்துது. இவ நெஞ்சுல இல்ல” என்றார்.

குப்பம்மா கொட்டகைக்கு வெளியே வந்து வெயிலில் நின்றார். கல்லைப் பார்த்தார். “இன்னிக்கு அவரு வரல” என்றார்.

ஊருக்குத் திரும்பியதும் அக்கா அறிக்கை எழுதினார். தவறு செய்தவர் என்ற இடத்தில் தன் பெயரைப் போட்டார்.

“நான்தானேக்கா செஞ்சேன்? என் பேரை எழுது.”

“உன் பேரை எழுதினா நாளைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. கண்ணாலம் வேற நிச்சயமாயிருக்குது. போடா, போய்க் குழி வெட்டு.”

பழைய கண்ணாடி எல்லாவற்றையும் அன்று உடைத்தோம். அக்காவுக்கு வரவேண்டிய மேல் உத்தியோகம் வேறொருவருக்குப் போனது. அவரைத் திருப்பதிக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை அங்கே அதே மேஜைதான். அந்தச் சம்பளத்தில்தான் உங்களைப் படிக்க வைத்தார். பிற்காலத்தில் வீட்டில் எந்தக் கண்ணாடியைக் கையில் எடுத்தாலும், மூக்குக்கண்ணாடியானாலும், மருந்துப் புட்டியானாலும், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். நீங்கள் சிரிப்பீர்கள். நான் சிரித்ததில்லை. கடைசி நாட்களில் பேச்சு நின்ற பிறகும் அதைச் செய்துகொண்டிருந்தார்.

அவர் படுக்கையில் இருந்தபோது இரவு பகல் பார்த்த நர்ஸம்மாவுக்கும், திருச்சானூரிலிருந்து சாப்பாடு கொண்டுவந்த அண்டை வீட்டாருக்கும், அடக்க ஆராதனை நடத்திய போதகருக்கும், பாடகர் குழுவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. தள்ளாத வயதில் மகனைப் பிடித்துக்கொண்டு வந்து, அக்காவின் உடலைக் குளிப்பாட்ட நான்தான் முதல் தண்ணி ஊற்றுவேன் என்று நின்ற குப்பம்மாவுக்கு எந்த வார்த்தையால் நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

பிள்ளைகளே, என் கல்யாணம் நடந்தது, நீங்கள் பிறந்தீர்கள், நான் பென்ஷன் வாங்குகிறேன். எல்லாம் அந்தக் காகிதத்தில் இருக்கும் ஒரு பெயரினால். வெள்ளிக்கிழமை ஆராதனையில் இதைச் சத்தமாகப் படிக்க நேரம் போதாவிட்டால், மற்றதை விட்டுவிடுங்கள். கண்ணாடிகளைக் கழுவித் திருப்பி வைத்தவன் தம்பி என்பதை மட்டும் எல்லோருக்கும் கேட்கும்படி படியுங்கள். நான் எழுந்து நிற்கிறேன்.