வைட்டமின் என்று சொன்ன மாத்திரை

மூன்றாம் வகுப்பில் என் மகளால் சேர்ந்தாற்போல் பத்து நிமிடம் உட்கார முடியாது. பாதிக் கணக்கில் எழுந்து ஜன்னலுக்குப் போய்விடுவாள். தஞ்சாவூரில் குழந்தைகளுக்கான மனநல மருத்துவர் மூன்று முறை வரவழைத்துப் பார்த்தார். கவனக் குறைபாடு, கூடவே மிகையான துறுதுறுப்பு என்றார். மாத்திரை உதவும், இரண்டு பேரும் பேசி முடிவு செய்யுங்கள் என்று அனுப்பினார்.

எனக்கு மனசு வரவில்லை. எட்டு வயதுப் பிள்ளைக்கு மூளைக்கு மாத்திரையா? நானே உட்கார வைத்துப் பழக்குகிறேன் என்றேன். கணவர், "சரி, உன் இஷ்டம்" என்றார்.

எனக்கு நாகப்பட்டினத்தில் வேலை. காலை ஏழரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். கீழ்வேளூர் பக்கம் குத்தகைக்கு நெல் போடும் அவர்தான் மகளைச் சாப்பிட வைத்துப் பள்ளியில் விடுவார். சாயங்காலம் என் முறை. கொஞ்சம் படிப்பு, கொஞ்சம் ஓட்டம், மறுபடி படிப்பு. சம்பா நடவு முடிவதற்குள் அவள் எழுத்து கோட்டில் நின்றது. மருந்தே இல்லாமல் சரிசெய்துவிட்டேன் என்று அலுவலகத்தில் எல்லோரிடமும் சொன்னேன்.

மதியச் சாப்பாடு மட்டும் அப்படியே திரும்பி வந்தது. எலுமிச்சை சாதம், முட்டை, தோசை என்று மாற்றிப் பார்த்தேன். எடை குறைந்ததும் பயந்து ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். கணவரும் வந்தார். ஊசி குத்தும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியை சொன்னார்: "மாத்திரை ஆரம்பிச்சதுலேருந்து உங்க பொண்ணு ரொம்ப மாறிட்டா. நல்ல முடிவு எடுத்தீங்க."

தெரிந்தவள்போலத் தலையாட்டிவிட்டு நேராக வயலுக்குப் போனேன். அவர் மறுக்கவில்லை. நான் சம்மதித்துவிட்டதாக மருத்துவரிடம் சொல்லி வாங்கியிருக்கிறார். டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள் என்று அதற்கு முன் பள்ளியில் அவரை மூன்று தடவை கூப்பிட்டுச் சொன்னார்களாம். அதையும் என்னிடம் சொல்லவில்லை.

"கேட்டா வேண்டாம்னுதான் சொல்லுவே. அங்க தலைகுனிஞ்சு நின்னவன் நான்" என்றார்.

"ரத்தம் எடுத்தன்னிக்காவது சொல்லியிருக்கலாமே?"

 அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வரப்பில் நடந்தார்.

மகளிடம் வைட்டமின் என்று சொல்லித்தான் கொடுத்திருக்கிறார். அவளோ, "அது வைட்டமின் இல்லன்னு எனக்குத் தெரியும்மா. உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு அப்பா சொன்னாங்க. அதப் போட்டா டீச்சர் பேசறது நல்லா கேக்குது" என்றாள்.

இரண்டு பேரும் சேர்ந்து என்னை வெளியே நிறுத்தியிருந்தார்கள். நான் வளர்த்ததாக நினைத்த பொறுமையில் எவ்வளவு என்னுடையது என்று எனக்கு இனித் தெரியப்போவதில்லை.

அடுத்த வாரம் மூவரும் தஞ்சாவூர் போனோம். மருத்துவர் கணவரைக் கடிந்துகொண்டார். பசி குறைந்தது மாத்திரையால்தான் என்று சொல்லி, எடை பார்த்து அளவைக் குறைத்தார். நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இப்போது நான்தான் பஸ்ஸுக்குக் கிளம்புமுன், காலை இட்லிக்குப் பிறகு மாத்திரையைக் கொடுக்கிறேன். மதியம் பாதியாவது சாப்பிடுகிறாள், படிக்கிறாள். அவர் செய்தது பிள்ளைக்கு நல்லதாகவே முடிந்ததால் அவரோடு முழுசாகச் சண்டை போடவும் முடியவில்லை. ஆனால் என் மகள் இப்போது என்னிடம் எதைச் சொல்வதற்கு முன்னாலும் ஒரு நொடி அப்பாவின் முகத்தைப் பார்க்கிறாள்.