ஏழாம் புத்தகத்தில் திரும்பி வந்தவன்

பீன்யாவில் பம்பு உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை பார்ப்பவள் பெட்டி. பிரேசர் டவுனிலிருந்து மெஜஸ்டிக் வரை பஸ், அங்கிருந்து மெட்ரோ. 'உப்பு மலைக் கதைகள்' என்ற மாயக்கதை வரிசையில் அதுவரை வந்த ஆறு புத்தகங்களையும் அந்த மெட்ரோவில்தான் படித்து முடித்தாள். பழக்கிவிட்டது நாத்தனார் லீனா. மந்திரமும் பறக்கும் ஓநாயும் தனக்கு ஒத்துவராது என்று சொன்ன பெட்டி, முதல் புத்தகம் முடிவதற்குள் இறங்க வேண்டிய ஸ்டேஷனை இரண்டு முறை கோட்டைவிட்டாள்.

நான்காம் புத்தகத்தில் கதாநாயகியின் தம்பி ஈவோ பனியில் செத்துப்போகிறான். அந்த உலகத்தில் எல்லாவற்றுக்கும் மந்திரம் உண்டு, சாவுக்கு மட்டும் கிடையாது. அவனைப் புதைத்துவிட்டு அக்கா மறுநாள் அடுப்பு மூட்டிக் கஞ்சி காய்ச்சுவாள். பெட்டி அந்தப் பக்கத்தைப் படித்தபோது, கணவன் நீல் மாரடைப்பில் போய் நாற்பது நாள் ஆகியிருந்தது. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாம் கடவுள் சித்தம் என்றார்கள். போனவன் போனவன்தான், நீ கஞ்சி காய்ச்சு என்றது அந்தப் புத்தகம் மட்டும்தான். மறுநாள் அவள் வேலைக்குப் போனாள்.

ஆறாவதுக்குப் பிறகு ஐந்து வருடம் காத்திருந்தாள். கடைசிப் புத்தகம் வந்த அன்றே வாங்கி, சனி ஞாயிறு இரண்டு நாளும் படித்தாள். முடிய இன்னும் பதினோரு பக்கம் இருக்கையில் ஈவோ கதவைத் தட்டினான். எப்படி என்பதற்கு அரைப் பக்க விளக்கம். அதுவரை கதையில் யாருமே சொல்லியிராத ஏதோ ஒரு மந்திரக் கல். பசிக்கிறது என்று சிரித்துக்கொண்டே உள்ளே வந்தான். பெட்டி நான்காம் புத்தகத்தை எடுத்துப் பார்த்தாள். மூச்சு நின்றதும் உடல் விறைத்ததும் அப்படியே அச்சில் இருந்தன.

சாயங்காலம் லீனா போன் செய்தாள்.

"முடிச்சிட்டீங்களா அண்ணி? நான் அழுதுட்டேன். ஈவோ வந்துட்டான் பாத்தீங்களா."

"வந்திருக்கக் கூடாது லீனா."

"ஏன், சந்தோஷமா முடிஞ்சா என்ன?"

"சாவுக்கு மந்திரம் கெடையாதுன்னு அந்த ஆளுதானே எழுதினாரு. நான் அத நம்பித்தான் எழுந்து நடமாடினேன்."

"நாமளும் உயிர்த்தெழுதல நம்புறோம்ல அண்ணி?"

"கோயில்ல கடைசி நாள் வரைக்கும் காத்திருக்கச் சொல்றாங்க. இங்க கதவத் தட்டிப் பசிக்குதுங்கறான். உங்க அண்ணன் வரலையே."

"எனக்குத் தெரியாதா? அதனாலதான் இவனாவது வரட்டும்னு இருந்துச்சு."

பெட்டிக்கு லீனா மேல் கோபம் வரவில்லை. கோபமெல்லாம் எழுதியவர் மேல்தான். ஆறு புத்தகம் தைரியமாக நின்ற மனுஷன், கடைசியில் பயந்துபோய் வாக்கு மாறிவிட்டார்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் ஏழாம் புத்தகத்தை லீனாவிடம் கொடுத்தாள்.

"என்கிட்டதான் ஒண்ணு இருக்கே அண்ணி."

"யாருக்காவது குடு. என் வீட்ல வேணாம்."

இப்போதும் லீனா புதுக் கதைகளின் பெயர்களை வாட்ஸ்ஆப்பில் அனுப்புகிறாள். பெட்டி வாங்கவும் செய்கிறாள். ஆனால் கடைசி அத்தியாயத்தைப் படித்துப் பார்த்த பிறகுதான் முதல் பக்கத்தைத் திறக்கிறாள்.