விலை தெரியாத மாத்திரை

டாக்டரம்மாவுக்கே பிரஷர் உண்டு. ஆனால் ஒரு மாத்திரையைக்கூட அவர் காசு கொடுத்து வாங்கியதில்லை. மருந்து கம்பெனி ரெப் வந்து சாம்பிள் என்று மேஜை டிராயரை நிரப்பிவிட்டுப் போவார். டாக்டரம்மா அதையே விழுங்குவார், அதையே எல்லாருக்கும் எழுதுவார். வருஷத்துக்கு ஒருமுறை மாநாடு என்ற சாக்கில் கணவரோடு வெளிநாடு, கம்பெனி செலவில். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று சும்மாவா சொன்னார்கள்?

அவரிடம் வரும் நோயாளிகளில் துணி தேய்க்கும் அக்காவுக்கு மட்டும் பிரஷர் இறங்குவேனா என்றது. மாத்திரையின் அளவைக் கூட்ட டாக்டரம்மா பேனாவை எடுத்தார். அக்கா பதறிப்போய்த் தடுத்தார்.

"கூட்டாதீங்கம்மா. இருக்கிறதையே ஒருநாள் விட்டு ஒருநாள்தான் போடறேன். அது விக்கிற விலைக்கு தினமும் போட்டா அடுப்பெரியாது."

"அப்படி என்ன விலை?"

கேட்ட பிறகுதான் டாக்டரம்மாவுக்கு உறைத்தது. எழுதிக் கொடுப்பவருக்கே விலை தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

மத்தியானமே பக்கத்து மருந்துக்கடையில் போய் நின்றார். விசாரித்தால், அதே மருந்து வேறு பெயரில் கால்வாசி விலைக்குக் கிடைக்கிறது. தனக்கு ஒரு அட்டை வாங்கிக்கொண்டார். இனி இதைத்தான் எழுதுவது என்று அங்கேயே முடிவு கட்டினார்.

மறுநாள் ரெப் விமான டிக்கெட்டோடு பல்லெல்லாம் தெரிய வந்தார். டாக்டரம்மா டிக்கெட்டைத் தொடவில்லை. டிராயரில் இருந்ததையும் அள்ளி அவர் பையிலேயே போட்டார்.

"சாரையும் ஒரு வார்த்தை கேட்டுக்கங்க மேடம்."

"அவர் கோபத்தை நான் பாத்துக்கறேன். நீங்க உங்க மேனேஜரைப் பாருங்க."

பெட்டி கட்டி வைத்திருந்த கணவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். டாக்டரம்மா மசியவில்லை.

ஆனால் மசியாத இன்னொருவரும் இருந்தார். டாக்டரம்மா மாற்றி எழுதிக் கொடுத்த புது மாத்திரையை வாங்கிய கையோடு அந்த அக்கா திரும்பி வந்தார்.

"இவ்வளவு மலிவா இருக்கே, வேலை செய்யுமா? பழசையே எழுதுங்கம்மா. அரைவயிறு சாப்பிட்டாவது வாங்கிக்கறேன்."

இத்தனை வருஷமாகத் தானே ஊட்டி வளர்த்த நம்பிக்கை அல்லவா! டாக்டரம்மா கைப்பையிலிருந்து தன் அட்டையை எடுத்துக் காட்டினார்.

"நானும் இதைத்தான் போடறேன். இன்னைக்கு இன்னும் போடல."

"எங்கே, போடுங்க பாப்போம்."

வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். டாக்டரம்மா மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். அதோடு விட்டாரா? வாயைத் திறந்து நாக்கையும் நீட்டிக் காட்டினார்.

அக்கா குனிந்து உற்றுப் பார்த்தார்.

"சரி. எனக்கும் கொஞ்சம் தண்ணி குடுங்க."